எடை குறைப்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு எப்போது பிள்ளை பெறலாம்?

தங்கச்சி, ஸ்லீவ் முறையில் இரைப்பையைச் சிறிதாக்கி ஐந்து மாதம், மாமி பிள்ளை எப்போது என்று கேட்கிறா, இப்போதே தரிக்கலாமா என்று களுவாஞ்சிக்குடியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். பொதுவாக 12 முதல் 18 மாதம் பொறுக்கச் சொல்வார்கள், ஏனென்றால் நிறை வேகமாக இறங்கும் காலத்தில் உங்கள் உடம்புக்கே சத்துப் போதாது, பிள்ளைக்கு எங்கே இருந்து கொடுப்பது?

ஆனால் கவனம். நிறை குறையக் குறைய மாதவிடாய் சீராகும், வருடக்கணக்காகத் தரிக்காதவர்களுக்கும், முக்கியமாகச் சூலகத்தில் நீர்க்கட்டி இருந்தவர்களுக்கு, எதிர்பாராமல் தரித்துவிடும். அதனால் அதுவரை கருத்தடை கட்டாயம். இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு நேரே இணைக்கும் முறை) செய்தவர்களுக்குக் கருத்தடைக் குளிசை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம், அவர்களுக்குக் கருப்பைக்குள் வைக்கும் லூப் நல்லது.

தரிக்க முன்பே இரும்பு, பி12, விட்டமின் டி எல்லாம் இரத்தத்தில் பாருங்கள். போலிக் அமிலத்தையும் முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

தரித்த பிறகு, கிளினிக்குக்குப் போகும் முதல் நாளே சத்திரசிகிச்சை விபரத்தை மிட்வைஃபிடம் சொல்லி, கர்ப்பக் கொப்பியில் எழுதுவியுங்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். குளுக்கோஸ் தண்ணீர் குடிக்கவைத்துப் பார்க்கும் சோதனை உங்களைப் போன்றவர்களுக்கு வியர்வை, படபடப்பு, மயக்கம் கொண்டுவரலாம், அதற்குப் பதிலாக ஒரு கிழமை வீட்டில் விரலில் குத்திச் சீனி பார்க்கலாம்.

சரி, உங்கள் அக்காவும் இந்தச் சத்திரசிகிச்சை செய்ய நினைக்கிறா, அதற்குக் காப்புறுதியில் காசு கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல ஒப்பந்தங்களில் உடற்பருமன் சிகிச்சை விலக்கப்பட்டிருக்கும், முதலில் அந்தப் பக்கத்தை வாசியுங்கள். அப்படி விலக்கவில்லையென்றால் அவவின் உடல் நிறைச் சுட்டெண், நீரிழிவு, பிரசர் பதிவுகளோடு வைத்தியரின் கடிதம் கொடுத்து, அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகே ஆஸ்பத்திரியில் திகதி எடுக்கச் சொல்லுங்கள்.