ரீஃப்ரெஷ் செய்தால் 404: பெரிய பிளானுக்கு மாறினால் தீருமா?

கேள்வி: எங்கள் தளத்தின் முகப்புப் பக்கம் நன்றாகத் திறக்கிறது. அங்கிருந்து ஒரு பொருளைக் கிளிக் செய்தாலும் அதன் பக்கம் வந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பக்கத்தில் இருந்தபடி ரீஃப்ரெஷ் செய்தாலோ, அதன் இணைப்பை வேறொருவருக்கு அனுப்பினாலோ 404 பிழை வருகிறது. தளத்தைச் செய்தவரின் லேப்டாப்பில் இந்தக் கோளாறு இல்லை. சர்வருக்குச் சக்தி போதவில்லை, விலை கூடிய ஹோஸ்டிங் பிளான் வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். சுமை தாங்காத சர்வர் 503 என்றோ 504 என்றோ சொல்லும், அல்லது பக்கத்தைத் தாமதமாகத் தரும். 404 என்றால் ‘நீங்கள் கேட்டது இங்கே இல்லை’ என்று மட்டுமே அர்த்தம். இந்தச் சர்வரில் இல்லாதது பெரிய சர்வரிலும் இருக்காது. 404-க்குப் பிளானை மாற்றச் சொல்பவர் கோளாறைப் பார்க்கவே இல்லை, அல்லது பிளான் விற்றால் அவருக்குக் கமிஷன் உண்டு.

நடப்பது இதுதான். உங்கள் தளத்தில் பக்கமாக உண்மையில் இருப்பது ஒரே ஒரு இண்டெக்ஸ் கோப்பு, அதாவது முகப்புப் பக்கத்தின் கோப்பு. பொருளைக் கிளிக் செய்ததும், பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் கிளிக்கைப் பிடித்து, முகவரிப் பட்டையில் ‘/பொருள்/45’ என்று எழுதிவிட்டு, பக்கத்தைத் தானே வரைந்துகொள்கிறது. அந்த முகவரியைப் பற்றிச் சர்வருக்குத் தகவலே போவதில்லை. ரீஃப்ரெஷ் செய்யும்போதுதான் பிரவுசர் முதல்முறையாக அதைச் சர்வரிடம் கேட்கிறது. சர்வர் ‘பொருள்’ என்ற ஃபோல்டரைத் தேடுகிறது, கிடைக்காததால் 404 தருகிறது. லேப்டாப்பில் இது தெரியாமல் போனதற்கும் காரணம் உண்டு: உருவாக்கும்போது பயன்படுத்தும் சிறு சர்வர்களில், ‘கோப்பு இல்லையென்றால் இண்டெக்ஸைக் கொடு’ என்ற விதி பெரும்பாலும் முன்கூட்டியே இருக்கும். உங்கள் ஹோஸ்டிங்கில் அந்த விதியை யாரும் போடவில்லை.

போட வேண்டியது ஒரு வரிதான். ஹோஸ்டிங்கில் ஓடும் சர்வர் மென்பொருள் அப்பாச்சி என்றால் ‘ஃபால்பேக்ரிசோர்ஸ்’ என்ற கட்டளை, என்ஜின்எக்ஸ் என்றால் ‘ட்ரை ஃபைல்ஸ்’. செய்தவரிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே போதும், புரிந்துகொள்வார். அப்பாச்சியில் இது ‘ஹெச்டிஆக்சஸ்’ என்ற கோப்பில் போகும். அதன் பெயர் புள்ளியில் தொடங்குவதால் பல கணினிகளில் கண்ணுக்குத் தெரியாது; அப்லோட் செய்யும்போது விட்டுப்போவது அதனால்தான். கோப்பு இருந்தும் பலனில்லை என்றால், அதைப் படிக்கச் சர்வரில் அனுமதி இல்லாமல் இருக்கலாம். அப்பாச்சி 2.4-இல் அந்த அனுமதி இயல்பாகவே மூடியிருக்கும், ஹோஸ்டிங்காரர்தான் திறக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் இந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. அது தெரியாமல் அதற்குள்ளேயே விதிகளை மாற்றி மாற்றி எழுதி நாள் கணக்கில் வீணடிப்பவர்கள் ஏராளம்.

இரண்டு குறுக்குவழிகளை மட்டும் அனுமதிக்காதீர்கள். ஒன்று, 404 பிழைப்பக்கமாகவே இண்டெக்ஸ் கோப்பை வைத்துவிடுவது. பார்வைக்கு எல்லாம் சரியாகிவிடும். ஆனால் உள்ளுக்குள் சர்வர் இன்னும் 404 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும், தேடுபொறிகள் உங்கள் பொருள் பக்கங்களைச் சேர்க்காது. இன்னொன்று, எல்லா முகவரிகளையும் 301 போட்டு முகப்புக்குத் திருப்புவது. 301 என்பது நிரந்தர மாற்றம். பிரவுசர்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு விதியை நீக்கினாலும், ஏற்கெனவே வந்துபோனவர்கள் முகப்பிலேயே போய் நிற்பார்கள்.

சரியான விதியைப் போட்ட பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘இல்லாத எதற்கும் இண்டெக்ஸைக் கொடு’ என்று சொல்லிவிட்டால் சர்வர் அதை அப்படியே செய்யும். படம் இல்லையா, இண்டெக்ஸ். ஸ்கிரிப்ட் கோப்பு இல்லையா, இண்டெக்ஸ். விலை, இருப்பு போன்ற தகவலைத் தரும் ஏபிஐ முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் இண்டெக்ஸ்தான், அதுவும் ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 எண்ணுடன். தகவலை எதிர்பார்த்த நிரலுக்கு ஒரு முழு வலைப்பக்கம் வந்து சேரும், அது முதல் எழுத்திலேயே திணறும். பிரவுசரில் எஃப்12 அழுத்தினால், எதிர்பாராத ‘<’ குறி வந்ததாக ஒரு பிழை சிவப்பில் தெரியும். வலைப்பக்கத்தின் முதல் குறி அது. அதைப் பார்த்துவிட்டு ஏபிஐ கெட்டுவிட்டது, டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று யாராவது புதிதாக ஒரு பில் நீட்டினால் நம்பாதீர்கள்.

இதே ‘<’ பிழையோடு பக்கம் வெறும் வெள்ளையாக வந்தால், ஸ்கிரிப்ட்டின் முகவரி சாய்கோட்டில் தொடங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாய்கோடு இல்லையென்றால் ‘/பொருள்/45’ பக்கத்தில் இருக்கும் பிரவுசர், அந்த ஸ்கிரிப்டை ‘பொருள்’ ஃபோல்டருக்குள் தேடும். அங்கே இல்லாததால் மறுபடியும் இண்டெக்ஸே வரும். ஆகவே ஏபிஐ முகவரிகளையும் படங்களும் ஸ்கிரிப்ட்களும் இருக்கும் ஃபோல்டரையும் இந்த விதியிலிருந்து விலக்கியாக வேண்டும். என்ஜின்எக்ஸில் ஏபிஐ-க்குத் தனி ‘லொகேஷன்’ (குறிப்பிட்ட முகவரிகளுக்கான விதிப் பகுதி) எழுதினால் போதும். முகவரியின் தொடக்கத்தை வைத்துப் பொருத்தும் முன்னொட்டு லொகேஷன்களில் நீளமாகப் பொருந்துவதையே அது எடுத்துக்கொள்ளும், எழுதிய வரிசை முக்கியமல்ல. அப்பாச்சியில், கேட்ட முகவரியை வேறொன்றாக மாற்றும் ரீரைட் விதிகளாக எழுதினால் வரிசைதான் எல்லாம்: ஏபிஐ விதி மேலே, எல்லாவற்றையும் பிடிக்கும் விதி கடைசியில்.

கண்ட்ரோல் பேனலில் பிளானை உயர்த்த ஒரு பெரிய பொத்தான் வைக்கத் தெரிந்த நிறுவனங்கள், இந்த ஒரு வரிக்கு ஒரு பெட்டி வைப்பதில்லை. சப்போர்ட்டில் கேட்டால் ‘கேஷை (பிரவுசர் சேமித்து வைத்த நகல்களை) அழியுங்கள்’ என்ற தயார்ப் பதில்தான் பல நேரம் வருகிறது. அதனால் கோரிக்கையை எழுத்தில் அனுப்புங்கள்: “கோப்பாக இல்லாத முகவரிகளுக்கு, திசைமாற்றாமல், 200 எண்ணுடன் இண்டெக்ஸ் கோப்பைத் தாருங்கள். ஏபிஐ முகவரிகளுக்கும், படங்களும் ஸ்கிரிப்ட்களும் உள்ள ஃபோல்டருக்கும் இந்த விதி வேண்டாம்.”

அவர்கள் மறுத்தால், தளத்தின் ஜாவாஸ்கிரிப்டில் முகவரிகளைக் கையாளும் ‘ரூட்டர்’ பகுதியை, முகவரியில் ‘#’ குறி சேர்க்கும் ‘ஹேஷ்’ முறைக்கு மாற்றும்படி தளத்தைச் செய்தவரிடம் சொல்லுங்கள். ‘#’ குறிக்குப் பின்னால் இருப்பது சர்வருக்குப் போகவே போகாது, அதனால் ரீஃப்ரெஷ் செய்தாலும் 404 வராது. முகவரி அழகாக இருக்காது, தேடுபொறிகளும் உள்பக்கங்களைத் தனித்தனியாக எடுத்துக்கொள்ளாது. வேறு வழியே இல்லாதபோது மட்டும் இதற்குப் போங்கள்.

வேலை முடிந்ததாகச் சொன்னதும், பணம் கொடுக்கும் முன் மறைநிலைச் சாளரத்தில் நீங்களே சோதியுங்கள். பொருள் பக்கத்தின் முகவரியை நேரடியாக ஒட்டித் திறந்தால், எஃப்12-இன் நெட்வொர்க் பகுதியில் 200 தெரிய வேண்டும். இல்லாத ஒரு படத்தின் பெயரையும் இல்லாத ஓர் ஏபிஐ முகவரியையும் தட்டினால், இரண்டுக்கும் 404 வர வேண்டும்.