கேள்வி – பதில்: ஒட்டி வரும் பேருந்துகளும் ஓர் ஆய்வும்

கேள்வி: சிங்கப்பூரின் தேக்காவில் இருபது நிமிடம் காத்திருந்தால், ஒரே எண் பேருந்து இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. இதைப் பயன்பாட்டுக் கணித ஆய்வாகச் செய்யலாமா? எங்கே தொடங்குவது?
— தொடக்கக் கல்லூரி மாணவி, ஈசூன்

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் ‘பேருந்து ஏன் தாமதமாகிறது?’ என்று கேட்டால் ஆய்வு நகராது. ‘ஒரு நிறுத்தத்தில் நேர்ந்த ஒரு நிமிடத் தாமதம், பத்து நிறுத்தம் தாண்டினால் எவ்வளவு?’ என்று கேளுங்கள். விடை ஓர் எண்ணாக வரும்வரை கேள்வியைச் சுருக்குவதே முதல் வேலை. வாரக்கணக்கில் இழுத்தாலும் அவசரப்படாதீர்கள்.

அடுத்து, கணினியைத் தொடாமல் தாளில் ஓர் எளிய மாதிரி. நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள். ஒருவர் ஏற 3 விநாடி, அதாவது 0.05 நிமிடம். பெருக்கினால் 0.1. முன்னால் போன பேருந்து நேரத்துக்குப் போயிருக்க, இது 60 விநாடி பிந்தினால் கூடுதலாக 2 பேர் சேர்வார்கள். அவர்கள் ஏற 6 விநாடி. தாமதம் 66 ஆகும், பிறகு 72.6, பத்து நிறுத்தம் தாண்டினால் சுமார் 156 விநாடி. பின்னால் வருவதற்கோ ஏற ஆள் குறைவு, அதனால் நெருங்கிவிடுகிறது. எல்லாம் அந்த 0.1-ஐச் சுற்றித்தான். விநாடியை நிமிடமாக்க மறந்தால் அது 6 ஆகி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் தாமதம் ஏழு மடங்காகும். அலகுப் பிழை பெரும்பாலும் இப்படித்தான் பிடிபடும்.

தரவுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ‘டேட்டாமால்’ என்ற திறந்த தரவுத் தளம் இருக்கிறது. ஆனால் அதன் பேருந்து வருகைத் தரவு, கணித்த நேரம். வந்து நின்ற நேரமன்று. அதை அப்படியே எடுத்தால் நீங்கள் சோதிப்பது கணிப்பைத்தான், பேருந்தை அல்ல. ஆகவே சில மாலைகள் நிறுத்தத்தில் நின்று, கதவு திறந்த நேரம், மூடிய நேரம், ஏறியவர் எண்ணிக்கை மூன்றையும் குறியுங்கள். சராசரியோடு நிறுத்திவிடவும் கூடாது. இடைவெளி சீராக 10 நிமிடம் என்றால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். 2, 18 என மாறிமாறி வந்தால் சராசரி இடைவெளி அதே 10தான், ஆனால் நீண்ட இடைவெளியில் அதிகம் பேர் வந்து சேர்வதால் சராசரிக் காத்திருப்போ 8.2 நிமிடம்.

கேள்வி: வேறு யாராவது ஏற்கெனவே செய்திருந்தால்?

பதில்: செய்திருக்கிறார்கள், 1964-இல் நியூவெல், பாட்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும். அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. அவர்கள் விடையை முதலில் நீங்களே வரவழையுங்கள். பிறகு ஓர் அனுமானத்தை மட்டும் மாற்றுங்கள். இங்கே இறங்குவோருக்குப் பின்கதவு. எனவே பேருந்து நிற்கும் நேரம், ஏறவும் இறங்கவும் ஆகும் நேரங்களில் எது நீளமோ அது. அப்படியானால் எந்த நிறுத்தங்களில் தாமதம் வளராது என்று தேடிப் பாருங்கள்.