வாட்ச்சில் 172, கழுத்தில் 116: எதை நம்புவது?

நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தில் காலையில் ஓடுகிற, நடக்கிற நம் கூட்டத்தில் ஒரு மாதமாக இதே பேச்சுதான். ஒருவருக்கு வாட்ச்சில் இதயத் துடிப்பு 180 காட்டுகிறதாம், இன்னொருவருக்கு 45 காட்டுகிறதாம். ஒருவர் பயந்துபோய் ஓட்டத்தையே நிறுத்திவிட்டார். ஆஸ்பத்திரி மானிட்டர்களையும் ஈசிஜி மெஷின்களையும் இருபது வருடத்துக்கு மேல் பழுது பார்த்தவன் என்பதால் எல்லாக் கேள்விகளையும் என் பக்கம் தள்ளிவிட்டார்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. மெஷின் ஏன் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்வேன். உங்கள் இதயம் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி (கோட்டாறு, வயது 34): அண்ணே, பக்கத்தில் வருகிறவரோடு கதை பேசிக்கொண்டே மெதுவாக ஓடுகிறேன், வாட்ச் 172 காட்டுகிறது. நின்று கழுத்தில் கைவைத்து எண்ணினால் 116. இதயத்தில் ஏதாவது கோளாறா?

பதில்: கதை பேசிக்கொண்டு ஓட முடிகிறது என்றால், 172 பெரும்பாலும் உங்கள் இதயத்தின் கணக்கு இல்லை தம்பி, காலின் கணக்கு. அடுத்த முறை ஓடும்போது அரை நிமிடம் உங்கள் காலடிகளை எண்ணிப் பாருங்கள். 86 வந்தால் திருடன் பிடிபட்டான்.

வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மின்னுகிறதே, அது தோலுக்குள் ஒளியைப் பாய்ச்சுகிறது. இரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை அடிக்கும்போது தோலுக்கடியில் உள்ள சின்னக் குழாய்களில் இரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பு என்று காட்டுகிறார்கள். ஆனால் திரும்பி வரும் மொத்த ஒளியில் அந்த ஏற்ற இறக்கம் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் முழங்கும்போது பின் வரிசையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கிற மாதிரியான வேலை அது.

ஓடும்போது என்ன ஆகிறது? ஒவ்வொரு அடிக்கும் கை ஆடுகிறது, வாட்ச் குதிக்கிறது, தோலுக்கடியில் இரத்தமும் குலுங்குகிறது. அந்தக் குலுங்கலும் ஒளியில் ஏற்ற இறக்கமாகத்தான் வரும். ஓடுகிறவர்களுக்கு நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி சாதாரணம். வேகமாக ஓடினால் இதயத் துடிப்பும் அந்தப் பக்கம்தான் இருக்கும். வாட்ச்சுக்குள் அசைவை அளக்கும் இன்னொரு சென்சார் உண்டு. அதை வைத்து 'இது கால், இது இதயம்' என்று பிரிக்கப் பார்க்கும். இதயத்தின் சத்தம் மெலிந்து காலின் சத்தம் ஓங்கிவிட்டால் காலையே பிடித்துக்கொண்டு தொங்கும்.

கண்டுபிடிக்க இன்னொரு வழி, சட்டென்று நின்று வாட்ச்சைப் பார்ப்பது. உண்மையான துடிப்பு இறங்க நேரம் எடுக்கும். முதல் நிமிடத்தில் இருபது, முப்பது குறையலாம். ஐந்தாறு நொடியில் 172இலிருந்து 116க்கு விழுந்தால் அது இதயம் இறங்கியது இல்லை, கால் நின்றது.

மணிக்கட்டு எலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து இரண்டு விரல் மேலே ஏற்றிக் கட்டுங்கள். ஓடும்போது மட்டும் ஒரு துளை கூடுதலாக இறுக்குங்கள். கை மரத்துப்போகும் அளவுக்கு வேண்டாம், தோல் மேல் வழுக்காமல் இருந்தால் போதும். ஓடத் தொடங்கும் முன் பத்து நிமிடம் வேகமாக நடந்தால் தோலில் இரத்த ஓட்டம் கூடும், முதல் கிலோமீட்டரில் வரும் கோமாளித்தனம் பாதி குறைந்துவிடும்.

கேள்வி (சுசீந்திரம்): என் பையன் விளையாட்டாக வாட்ச்சை மட்டிப் பழத்தில் கட்டினான். பழத்துக்கு 78 துடிப்பு! இதை நம்பியா நாங்கள் நடக்கிறோம்?

பதில்: படித்ததும் சிரித்துவிட்டேன். நம் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் மகிழ்ச்சிதான், இதயமும் கிடைத்திருப்பது இப்போதுதான் தெரிகிறது.

பையன் செய்தது புதிதில்லை. 2019இல் சீனாவில் கழிவறைக் காகித உருளையில் கட்டி இதே வேடிக்கையைக் காட்டினார்கள். 'இது கை இல்லை' என்று கண்டுபிடிக்கும் வேலையைப் பல வாட்ச்கள் அரைகுறையாகத்தான் செய்கின்றன. பழத்தோலிலிருந்தும் ஒளி திரும்பி வருகிறது, அதில் அறை விளக்கின் மினுக்கல், மேசையின் அதிர்வு என்று ஏதோ ஒரு நடுக்கம் இருக்கிறது. தேடு என்று சொல்லிவிட்டதால் அதற்குள் ஒரு தாளத்தைத் தேடி எடுத்துக் காட்டிவிடும்.

இதனால் உங்கள் கையில் காட்டுவதும் பொய் என்று ஆகாது. கையில் உண்மையான அலை இருக்கிறது, அது கிடைத்தால் அதைத்தான் எடுக்கும். கிடைக்காதபோது 'தெரியவில்லை' என்று சொல்லாமல் ஒரு எண்ணைப் போட்டுவிடுவதுதான் எனக்கு இந்த வாட்ச்கள் மேல் உள்ள பெரிய குறை. ஆஸ்பத்திரி மானிட்டர் அலை சரியில்லை என்றால் கோடு போட்டுக் காட்டும், கத்தும். வாட்ச்சுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

கேள்வி (குலசேகரம், ரப்பர் பால் வெட்டும் தொழில்): விடியலுக்கு முன் தோட்டத்தில் இருப்பேன். முதல் அரை மணி நேரம் 48, 50 என்று காட்டும், அப்புறம் திடீரென்று 150. மனைவி கழற்றிப் போடச் சொல்கிறாள்.

பதில்: உங்களுக்கு மூன்று தொல்லைகள் ஒன்றாக வந்திருக்கின்றன. விடியலுக்கு முன் மலையோரக் குளிரில் கை சில்லிட்டால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். பிடிக்க வேண்டிய அலையே மெலிந்துவிடும், வாட்ச் பாதித் துடிப்புகளைத் தவறவிடும். 48, 50 பெரும்பாலும் அப்படி வந்ததுதான். அடுத்தது வெட்டு. மரத்துக்கு மரம் மணிக்கட்டை மடக்கி இழுக்கிறீர்கள், நரம்பும் தசையும் வாட்ச்சுக்கு நேர் கீழே உருளும். அதையும் துடிப்பு என்று எண்ணிவிடும்.

மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, ஆனால் பந்தயம் கட்டுவேன்: வாட்ச்சைத் திருப்பிப் பாருங்கள், சென்சார் கண்ணாடியில் ரப்பர் பால் காய்ந்து படலமாக ஒட்டியிருக்கும். விரலாலேயே உருட்டி எடுத்துவிடலாம், கத்தி முனையால் சுரண்டாதீர்கள். பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவிய கைக்கும் இதே கதைதான்.

வேலை நேரத்தில் இரண்டு கையும் ஓயாது என்பதால் எந்தக் கையில் கட்டினாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. முழங்கைக்கு மேல் கட்டுகிற பட்டை தனியாக விற்கிறது. அங்கே சதை அதிகம், அசைவு குறைவு. அது வேண்டாம் என்றால், கஞ்சி குடிக்க உட்காரும்போது ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கிற எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்த பிறகும் 48 காட்டி, தலைசுற்றலோ மயக்கமோ இருந்தால் மட்டும் வாட்ச்சைக் குறை சொல்லாமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

கேள்வி (முட்டம்): வள்ளத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எட்டாயிரம் அடி நடந்ததாகவும் துடிப்பு 140 என்றும் காட்டுகிறது.

பதில்: நடந்தது நீங்கள் இல்லை, என்ஜின். அதிர்வு, அலை, கையில் உப்புத் தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் வாட்ச் கைவிட்டுவிடும். கடலில் நேரம் மட்டும் பாருங்கள். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு காய்ந்தால் சென்சாரும் போகும், தோலும் புண்ணாகும்.

கேள்வி (மார்த்தாண்டம், ஜிம்): எடை தூக்கி மூச்சு முட்டும்போது 92தான் காட்டுகிறது. கீழே வைத்த பிறகு 130க்கு ஏறுகிறது.

பதில்: கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கை விறைத்து அங்கே இரத்த ஓட்டம் மாறிவிடும், அலை கிடைக்காது. போதாக்குறைக்கு வாட்ச் பல நொடிகளின் சராசரியைத்தான் காட்டும். அரை நிமிடத்தில் முடிகிற ஆட்டத்தை அது பிந்தித்தான் பார்க்கும்.

கேள்வி (கருங்கல்): நம்மைப் போல் கருத்த தோலுக்கு இந்த வாட்ச்கள் ஒத்துவராது என்கிறார்களே?

பதில்: முழுப் பொய்யும் இல்லை, சொல்கிற அளவுக்கு உண்மையும் இல்லை. தோலின் கருமை நிறமி பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது சரி. அதனால்தான் வாட்ச் விளக்கின் பிரகாசத்தைக் கூட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல நிறத் தோல்காரர்களுக்கு வாட்ச்களைக் கட்டிப் பார்த்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். துடிப்புக் கணக்கில் நிறத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அசைவால்தான் தெரிந்தது: சும்மா இருக்கும்போது வரும் பிழையைவிட அசையும்போது சராசரியாக 30 சதவீதம் கூடுதல்.

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கிற கருவி வேறு கதை. கருத்த தோலில் அது ஆக்சிஜனைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று அதே 2020இல் ஒரு ஆய்வு வந்து பெரிய விவாதமானது. துடிப்பு எண்ணுவதையும் ஆக்சிஜன் அளப்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிறத்தைவிடத் தொல்லை பச்சை குத்தியிருப்பதுதான். மணிக்கட்டில் அடர்த்தியாக மை இருந்தால் மற்றக் கைக்கு மாற்றுங்கள்.

கேள்வி (தோவாளை, சைக்கிள்): வாட்ச்சே வேண்டாம் என்று மார்புப் பட்டை வாங்கினேன். ஆரல்வாய்மொழி பக்கம் போனால் அதுவும் 215, 220 காட்டுகிறது! கொட்டிய காசு வீணா?

பதில்: வீண் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், காரணம் நம் ஊர்க் காற்று. மார்புப் பட்டை ஒளியைப் பார்ப்பதில்லை, ஈசிஜி மாதிரி இதயத்தின் மின் துடிப்பை நேரடியாகப் பிடிக்கிறது. அதனால்தான் ஓட்டத்திலும் சைக்கிளிலும் அதற்கு மதிப்பு. ஆனால் மின்சாரத்தைப் பிடிக்கிற கருவிக்கு எதிரியும் மின்சாரம்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று காற்றாலையையே சுழற்றுகிறது, உங்கள் தொளதொள பாலியஸ்டர் சட்டையை விடுமா? சட்டை பட்டையின் மேல் படபடவென்று உரசி நிலைமின்சாரம் உண்டாக்கும். அதைப் பட்டை துடிப்பு என்று எண்ணும்.

முதல் பத்து நிமிடத்தில் மட்டும் வந்து, வியர்த்த பிறகு சரியாகிறதா? அப்படியானால் சந்தேகமே இல்லை. பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துவிட்டுக் கட்டுங்கள், எச்சில் தொட்டாலும் சரிதான். உடம்போடு ஒட்டிய சட்டையோ பருத்தி பனியனோ போடுங்கள். அதன் பிறகும் 220 வந்து நெஞ்சும் படபடத்தால் சைக்கிளை விட்டு இறங்கி நாடியை எண்ணுங்கள், டாக்டரையும் பாருங்கள்.

கேள்வி (நாகர்கோவில், வயது 58): 220இல் வயதைக் கழித்தால் 162. அதைத் தாண்டக் கூடாது என்கிறது வாட்ச். நான் எவ்வளவு வேகமாக நடந்தாலும் 110 தாண்டவே இல்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: சார், மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரிப் பெயர் இருந்தால் இந்த முறை வாட்ச் உண்மையைத்தான் சொல்கிறது. துடிப்பைக் கட்டுப்படுத்துவதே அந்த மாத்திரைகளின் வேலை. எண் ஏறவில்லை என்று நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

220 கணக்கு 1971இல் வந்தது. அப்போது கையில் இருந்த ஆய்வுகளை வைத்துத் தோராயமாக இழுத்த கோடு அது. ஒரே வயதுக்காரர்களில் பத்துப் பன்னிரண்டு மேலே கீழே இருப்பது சாதாரணம். வாட்ச் கம்பெனிகள் அதைச் சட்டம் மாதிரி ஆக்கிவிட்டன. உங்களுக்கு வாய்தான் மீட்டர்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

கேள்வி (தக்கலை): அம்மாவின் வாட்ச்சில் 'சீரற்ற துடிப்பு' என்று இரண்டு முறை எச்சரிக்கை வந்தது. இவ்வளவு தப்பு செய்கிற பொருள்தானே, விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள் அக்கா. ஓடும்போது காட்டும் எண்ணும் இந்த எச்சரிக்கையும் ஒன்றல்ல. நாம் அசையாமல் இருக்கும் நேரமாகப் பார்த்து, பலமுறை சோதித்த பிறகுதான் எச்சரிக்கை வரும். அமெரிக்காவில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆப்பிள் வாட்ச் ஆய்வு 2019இல் வெளியானது. எச்சரிக்கை வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அவர்களில் பிறகு மார்பில் ஈசிஜி பட்டை ஒட்டிப் பார்த்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு உண்மையிலேயே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாளக் கோளாறு பதிவானது. அது வந்து வந்து போகும், அதனால் பதிவாகாத மற்றவர்களுக்கு இல்லை என்றும் அடித்துச் சொல்ல முடியாது. கவனிக்காமல் விட்டால் பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய கோளாறு அது. இந்த வாரமே ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள். எச்சரிக்கை வந்த தேதி, நேரத்தைப் படமெடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இதையும் சேர்த்துச் சொல்கிறேன். சில வாட்ச்சில் விரல் வைத்து ஈசிஜி எடுக்கலாம், ஆனால் மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. நெஞ்சு வலி, இடது கை வலி, வியர்வை என்றால் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

கேள்வி (கொட்டாரம்): கலோரிக் கணக்காவது சரியா? 600 எரித்தேன் என்று காட்டியதால் ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு பாக்கெட் சாப்பிட்டுவிட்டேன்.

பதில்: போச்சு. ஸ்டான்ஃபோர்டில் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதப் பிழைக்குள் இருந்தன. கலோரியில் மிக நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தப்பு, மிக மோசமானது 93 சதவீதம். சிப்ஸ் பாக்கெட்டில் அச்சடித்த எண்ணை நம்புங்கள்.

கேள்வி (இரணியல், வயது 66): கையால் நாடி எண்ணுவது எப்படி? மார்புப் பட்டை வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: உள்ளங்கையை மேலே பார்த்து வைத்து, பெருவிரலின் அடிப்பக்கம் மணிக்கட்டில் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். பெருவிரலால் தொட வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு உண்டு, குழப்பும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். தாளம் தப்புகிற மாதிரித் தெரிந்தால் முழு நிமிடம் எண்ணுங்கள். கழுத்தில் பார்ப்பதானால் ஒரு பக்கம் மட்டும், அழுத்தாமல்.

நடைக்கு மட்டும் என்றால் பட்டை தேவையில்லை. சந்தேகம் இருப்பவர்களுக்காக வரும் ஞாயிறு காலை என் பட்டையை மைதானத்துக்குக் கொண்டுவருகிறேன். ஒவ்வொருவராகக் கட்டி இரண்டு சுற்று ஓடி, உங்கள் வாட்ச்சோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். கடைசியில் கட்டுகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய் அலசிக் காயவைத்துத் தர வேண்டும். போன முறை வாங்கியவர் அப்படியே சுருட்டித் திருப்பித் தந்தார்.