லத்தீனோ ஆய்வில் பி.எச்.டி.: சேரும் முன் பெற்றோரும் பிள்ளையும் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவில் பட்டப்படிப்பை முடிக்கப்போகும் மகள், லத்தீனோ மக்களின் (அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின்) பாட்டையும் தொலைக்காட்சித் தொடர்களையும் ஆராய்ந்து பேராசிரியர் ஆகப் போகிறேன் என்கிறாள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும், வழிதான் குறுகல். எந்தத் துறையின் பெயரில் பட்டம் வாங்குகிறாள் என்பதை முதலில் பாருங்கள்.

இதற்கென்றே தனி பி.எச்.டி. தரும் இடங்கள் கொஞ்சம்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களில் சிகானோ ஆய்வில், அதாவது மெக்சிக வம்சாவளி அமெரிக்கர்களைப் பற்றிய ஆய்வில், தருகிறார்கள். வரலாறு, ஆங்கிலம், அமெரிக்க ஆய்வு, இசையியல் ஆகியவற்றில் பட்டம் வாங்கி இந்தப் பக்கம் வருபவர்களே அதிகம். எங்கள் பரிந்துரையும் அதுதான். வரலாற்றில் பட்டம் இருந்தால் வரலாற்றுத் துறை, லத்தீனோ ஆய்வுத் துறை இரண்டிலும் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் முடியும். மூன்று பரிந்துரைக் கடிதங்களும் இருபது பக்க அளவில் ஓர் ஆய்வுக் கட்டுரையும் கேட்பார்கள். பலர் சறுக்குவது அந்தக் கட்டுரையில்தான். போர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னியைப் பற்றி யேல் பல்கலைக்கழகத்திலேயே 2025-இல் பாடம் நடந்தது. ஆனால் ஒரு பாடகர் மேல் உள்ள பிரியம் ஆய்வுக் கேள்வி ஆகிவிடாது. மெக்சிகோ எல்லையோரத் தொழிலாளிகளின் பாட்டை எந்தக் கம்பெனி பதிவு செய்தது, யாருக்கு விற்றது, எந்த வானொலி ஒலிபரப்பியது என்று கேட்டால் அது ஆய்வு. லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் ஃப்ரொன்டேரா தொகுப்பில் பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த இத்தகைய பாட்டுகள் குவிந்து கிடக்கின்றன. போர்ட்டோ ரிக்கோக்காரர்களைப் பற்றி என்றால் நியூயார்க் ஹண்டர் கல்லூரியின் சென்ட்ரோ ஆய்வு மையம், மெக்சிக வம்சாவளியினர் என்றால் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் பென்சன் நூலகம்.

இவற்றைத் தொட ஸ்பானிஷ் வேண்டும். கடையில் பேசும் அளவு போதாது. பழைய செய்தித்தாளைப் படிக்கவும் பாட்டியிடம் பேட்டி எடுக்கவும் வர வேண்டும். தமிழ்ப் பெண்ணுக்கு இதில் என்ன வேலை என்று யாரும் முகத்துக்கு நேரே கேட்க மாட்டார்கள். மனதுக்குள் கேட்பவருக்கும் அந்த ஸ்பானிஷே பதில். பேட்டிகளைத் தொடங்கும் முன் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் கேட்டுவிட வேண்டும். அனுமதி தேவைப்படும் ஆய்வில் அதை வாங்காமல் எடுத்த பேட்டிகளைப் பயன்படுத்த விடமாட்டார்கள். ஆய்வேடு புத்தகமாகும்போது பாடல் வரிகளுக்கும் படங்களுக்கும் பதிப்பகம் உரிமைக் கடிதம் கேட்கும். அந்தக் கட்டணம் பெரும்பாலும் ஆசிரியர் தலையில்தான் விழும்.

கைக்காசு போட்டு பி.எச்.டி. வேண்டவே வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு கல்விக் கட்டண விலக்கு, உதவித்தொகை, மருத்துவக் காப்பீடு மூன்றும் சேர்க்கைக் கடிதத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். ஆய்வு முடிய ஆறு, ஏழு ஆண்டு ஆகலாம். ஆகவே ஆறாம் ஆண்டுக்கும் கோடை மாதங்களுக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று ஏப்ரல் 15-க்குள், சேர்க்கைக்குப் பதில் சொல்லும் முன்பே கேளுங்கள்.

வேலை நிலவரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக இளநிலை மாணவர் ஒவ்வொருவரும் இன ஆய்வில் (அமெரிக்கச் சிறுபான்மை இனங்களைப் பற்றிய படிப்பில்) ஒரு பாடம் படிக்க வேண்டும் என்று 2020-இல் சட்டம் வந்தது. அதனால் ஆசிரியர் தேவை உண்டு. அதில் தற்காலிக வேலைகளும் சேர்த்தி. டெக்சாஸில் 2023-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களில் இன, பாலினப் பன்மைத்துவத்தை வளர்க்க வைத்திருந்த அலுவலகங்களை மூட வைத்தது. பாடம் நடத்துவதை அது தடுக்கவில்லை என்றாலும், அங்கே போகுமுன் துறையின் இப்போதைய நிலையை விசாரியுங்கள். பாதியில் எம்.ஏ.வோடு வெளியே வந்தாலும், கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் கற்பிக்க அது போதும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அவள் தலைப்புக்குப் பொருந்தும் பேராசிரியர்கள் இருவராவது அங்கே இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒருவரை மட்டும் நம்பிச் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றால் ஆய்வேட்டுக் குழுவை முதலிலிருந்து அமைக்க வேண்டியிருக்கும்.