தகப்பன் ஓய்வு பெறலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பெரிய சமயப் பொறுப்பில் இருப்பவர்கள் உடம்பு முடியாமல் போனால் விலகிக்கொள்வதுதான் முறை, திருத்தந்தை, அதாவது போப் பிரான்சிசும் அப்படிச் செய்திருக்கலாம் என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது. என் அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார்கள். 2025 ஈஸ்டர் அன்று டிவியில் சக்கர நாற்காலியில் அவரைக் காட்டியபோது, "என்னைப் போலத்தானே இருக்காரு, அவரே விடலையே" என்றார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார்கள். மறுநாளே அவர் இறந்த செய்தி வந்துவிட்டது. கம்பெனி மேனேஜருக்கு ரிட்டயர்மென்ட் சரி, தகப்பன் எங்கேயாவது ரிட்டயர் ஆவாரா? இயேசு பாதியில் சிலுவையை விட்டு இறங்கி வந்தாரா? பதில் எழுதினால் என் பெயர் போட வேண்டாம்.

பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

உங்கள் அம்மா அன்றைக்கு எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தது பெரிய விஷயம். அதற்கு எதிராக வாதம் பேச எனக்கு மனசில்லை. ஆனால் நான் எழுதியதிலிருந்து பின்வாங்கவும் இல்லை. இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்று சொல்லிப் பார்க்கிறேன்.

நீங்கள் 2025ஐச் சொல்கிறீர்கள், எனக்கு அதற்கும் முந்தைய 2005 நினைவுக்கு வருகிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1978இல் தேர்வானபோது அவருக்கு 58 வயது, மலையேறுவார், பனிச்சறுக்கு விளையாடுவார். 1981இல் குண்டடிபட்டும் பிழைத்தவர், 1986இல் சென்னைக்கு வந்தவர், அப்பேர்ப்பட்ட ஆளைப் பார்க்கின்சன் நோய் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தது. 2005 பிப்ரவரியில் மூச்சுக்காகத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறு, வத்திக்கானில் தம் அறை ஜன்னலுக்கு வந்தார். மைக்கைக் கொண்டுவந்து வாய்க்கு நேராக வைத்தார்கள். பேசிவிட முயன்றார், தொண்டையிலிருந்து கரகரவென்று சத்தம்தான் வந்ததே தவிர ஒரு சொல்லும் வரவில்லை. கையை மட்டும் தூக்கிச் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதித்தார். கீழே சதுக்கத்தில் நின்றவர்கள் அழுதார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். வயசானவர்களையும் நோயாளிகளையும் உள்ளறையில் ஒளித்துவைக்கிற உலகத்தில், எல்லோரும் பார்க்க அப்படி வந்து நின்றது எத்தனையோ படுக்கைகளுக்குத் தெம்பு கொடுத்திருக்கும். இதில் உங்களுக்கும் எனக்கும் பேதமே இல்லை.

ஆனால் அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மேசையும் இருந்தது, அதைப் பற்றித்தான் நான் எழுதினேன். உலகம் முழுக்க ஆயர்களை (பிஷப்புகளை) நியமிப்பது, புகார்களை விசாரிக்கச் சொல்வது, ஒருவரைப் பொறுப்பிலிருந்து எடுப்பது எல்லாம் கடைசியில் ஒரே ஆளின் கையெழுத்தில் வந்து நிற்கும். அந்த ஆளுக்குப் பேச்சும் வராமல், பேனாவும் பிடிக்க முடியாமல் போய்விட்டால் மேசையில் வேலை நிற்க வேண்டும், அல்லது சுற்றியிருக்கிற நாலு பேர் அவர் பெயரில் நடத்த வேண்டும். அந்த நாலு பேரும் நல்லவர்களாகவே இருக்கட்டும், அவர்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நாளைக்கு ஒரு தப்பு நடந்தால் அவர்களிடம் போய்க் கேட்கவும் முடியாது. மெக்சிகோவைச் சேர்ந்த மர்சியால் மசியேல் என்ற துறவு சபை நிறுவனர் தங்களைச் சின்ன வயதில் சீரழித்ததாக அவரிடம் படித்த சிலர் 1998இல் வத்திக்கானில் முறைப்படி புகார் கொடுத்தார்கள். அவரைப் பொது ஊழியத்திலிருந்து விலக்கிய உத்தரவு 2006இல், அடுத்த திருத்தந்தையின் காலத்தில்தான் வந்தது. தாமதத்துக்கு நோய் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், வேறு காரணங்களும் இருந்தன. ஆனாலும் புகார் கொடுத்தவர்கள் காத்திருந்த அந்த வருஷங்களில் மேலே தெம்பாக ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டியது அவசியம் என்பதை மறுக்க முடியுமா?

ரோம் வரைக்கும் போகாமல் நம் கொடைக்கானல் மலையிலேயே பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஒரு பங்குச் சாமியார், ஊர்ப் பெயர் வேண்டாம், மேல்மலைக் கிராமங்களுக்கெல்லாம் மழையிலும் நடந்தே போய்ப் பூசை வைத்தவர். கடைசிக் காலத்தில் கை நடுக்கம், மறதி. பூசைப் புத்தகத்தில் எந்த வரி என்று உபதேசியார் பக்கத்தில் நின்று விரல் வைத்துக் காட்டுவார், இரசப் பாத்திரத்தைத் தூக்கும்போது பீடச்சிறுவன் அவர் முழங்கையைத் தாங்கிக்கொள்வான். ஜனங்களுக்கு அவர்மேல் அப்படி ஒரு பாசம், யாருமே ஆயருக்கு எழுதவில்லை. அதே சமயம் ஒரு தோட்டத் தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு வேண்டிய ஞானஸ்நானச் சான்றிதழ் கையெழுத்தாகாமல் மேசை டிராயரிலேயே கிடந்தது. பெண்ணின் அப்பா மூன்று ஞாயிறு கேட்டுவிட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார், வயசான சாமியாரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று. பாசம் எல்லோருக்கும் இருந்தது, நஷ்டம் மட்டும் அந்த ஒரு வீட்டுக்கு.

இப்போது உங்கள் தகப்பன் கேள்விக்கு வருகிறேன். தகப்பன் ரிட்டயர் ஆக மாட்டார், சரி. ஆனால் நம் வீடுகளில் அப்பாவுக்கு முடியாமல் போனால் காபித் தோட்டக் கணக்கையும் பீரோச் சாவியையும் பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறார். அதற்குப் பிறகும் கல்யாணப் பத்திரிகையில் முதல் பெயர் அவருடையதுதான், எந்த நல்ல காரியத்துக்கும் அவர் காலில் விழுந்துவிட்டுத்தான் கிளம்புகிறோம். சாவியைக் கொடுத்ததால் அவர் தகப்பன் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. சாவியைக் கடைசிவரை தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டிருக்கிற வீடுகளும் உண்டு, அங்கே என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சிலுவையை விட்டு இறங்கலாமா என்று கேட்டீர்கள். 2005இலும் பலர் இதைத்தான் சொன்னார்கள். எனக்கு இதற்குப் பதிலாகத் தோன்றுகிறவர் அருட்தந்தை பேத்ரோ அருப்பே. 1895இலிருந்து செண்பகனூரில் கல்லூரி வைத்திருக்கிற இயேசு சபை என்கிற துறவு சபையின் உலகத் தலைவராக 1965இல் தேர்வானவர். மருத்துவம் படித்தவர், ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது ஊருக்கு வெளியே இருந்த துறவு மடத்தையே ஆஸ்பத்திரியாக்கிக் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். சபைத் தலைவர் பதவி ஆயுள் முழுக்க வகிக்கிற பதவி. 1981 ஆகஸ்டில் ஆசியப் பயணம் முடிந்து ரோமில் இறங்கியபோது பக்கவாதம் தாக்கியது, உங்கள் அம்மாவுக்கு வந்த அதே நோய். பேச்சு குழறிவிட்டது. 1983இல் சபையின் பொதுப் பேரவை கூடியபோது பதவியை விட்டார். அவர் எழுதியதை வேறொருவர் வாசிக்க, தன்னை முழுக்கக் கடவுள் கையில் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னார். அப்புறம் 1991 வரை படுக்கையும் நாற்காலியுமாக இருந்தார். எந்தப் பதவியும் இல்லாமல் நோயை மட்டும் சுமந்த வருஷங்கள் அவை. அவர் சிலுவையை விட்டு இறங்கினார் என்று எப்படிச் சொல்வீர்கள்? பேரவை அடுத்த தலைவராக கோல்வன்பாக்கைத் தேர்ந்தெடுத்தது, வேலை ஓடியது. அந்த கோல்வன்பாக் 2008இல் 79 வயதில் விலகினார், அவருக்குப் பின்வந்த நிக்கோலாஸ் 2016இல் 80 வயதில் விலகினார். ஒருவர் துணிந்ததால் அடுத்தவர்களுக்கு அது சங்கடமாகவே இல்லாமல் போனது.

இது ஏதோ ஐரோப்பிய நாகரிகம் என்றும் நினைக்க வேண்டாம். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி 1907இல், சிறுவனாக, மடத்துப் பொறுப்புக்கு வந்தார். 1954இலேயே தமக்கு அடுத்தவரைப் பட்டத்துக்குக் கொண்டுவந்து, பிறகு படிப்படியாக மடத்து நிர்வாகத்தை அவரிடம் விட்டுவிட்டு, தேனம்பாக்கம் மாதிரி இடங்களில் போய் இருந்துகொண்டார். 1994இல் சித்தியடைந்தார். நிர்வாகத்தை விட்டதால் அவரைத் தேடிப் போகிறவர்கள் குறைந்தார்களா என்று உங்கள் ஊரில் பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். தலாய் லாமாவும் 2011இல் அரசியல் அதிகாரம் முழுவதையும் விட்டுக்கொடுத்துவிட்டு, சமயத் தலைவராக மட்டும் இருக்கிறார்.

இரண்டாம் ஜான் பாலுக்கு அடுத்து வந்த பதினாறாம் பெனடிக்ட் விலகியதில் சிக்கலே இல்லை என்றும் சொல்ல வரவில்லை. 2013 பிப்ரவரி 11 அன்று அறிவித்தார், அது உலக நோயாளர் தினம். ஏறக்குறைய 600 வருஷத்தில் விலகிய முதல் திருத்தந்தை. ஆனால் வெள்ளை அங்கியை விடவில்லை, பெயரை விடவில்லை, வத்திக்கானுக்குள்ளேயே குடியிருந்தார். பிரான்சிசைப் பிடிக்காதவர்கள் சிலர் இவர்தான் உண்மையான போப் என்று கிளப்பிவிட்டார்கள். 2020இல் குருக்களின் மணத்துறவு பற்றி வந்த ஒரு புத்தகத்தில் இணை ஆசிரியராக அவர் பெயரைப் போட்டு, பிறகு அதை எடுக்கச் சொல்லி, பெரிய சர்ச்சையாகிவிட்டது. இந்தப் பயம் பழைய பயம்தான். 1294இல் ஐந்தாம் செலஸ்தீன் விலகியபோது அடுத்து வந்தவர் அவரைக் கடைசிவரை காவலில் வைத்தார், ஊருக்கு ரெண்டு போப் ஆகிவிடக்கூடாது என்று. என்னைக் கேட்டால் விலகுகிறவர் வெள்ளை அங்கியையும் போப் பெயரையும் கழற்றி வைத்துவிட்டு, பழைய ஆயராக, ரோமுக்கு வெளியே போய் இருக்க வேண்டும். இதை ஒழுங்குபடுத்தலாம். ஒழுங்கு இல்லை என்பதற்காக விலகவே கூடாது என்பது சரியில்லை.

75 வயதானால் பங்குத்தந்தையும் ஆயரும் ராஜினாமாக் கடிதம் கொடுக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டமே கேட்டுக்கொள்கிறது. 80 ஆனால், போப்புக்கு அடுத்த நிலையில் இருக்கிற கர்தினால்களுக்குப் போப்பைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டு கிடையாது, 1970இல் போப் ஆறாம் பவுல் கொண்டுவந்தது. இத்தனை பேருக்கும் முதுமை வரும் என்று தெரிந்த சட்டத்துக்கு, போப்புக்கும் வரும் என்று மட்டும் தெரியவில்லை. அவர் தாமாக, சுதந்திரமாக விலகலாம் என்று இருக்கிறது, அவ்வளவுதான். நினைவே தப்பிவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விதிமுறை எழுதப்படவே இல்லை. அந்தக் காலத்தில் நிமோனியா வந்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். இப்போது பிரான்சிசை இரண்டு நுரையீரலிலும் நிமோனியாவோடு 38 நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மருத்துவம் இவ்வளவு தூரம் வந்தது நல்லதுதான், ஆனால் நினைவில்லாமல் வருஷக்கணக்கில் ஒரு போப் உயிரோடு இருக்கலாம் என்பதும் அதோடு சேர்ந்தே வந்திருக்கிறது. பிரான்சிஸ் இதை யோசிக்காதவர் இல்லை. நோயால் செயலிழந்துபோனால் பயன்படுத்தச் சொல்லி 2013இலேயே ஒரு ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டதாக 2022இல் அவரே பேட்டியில் சொன்னார். ஆறாம் பவுலும் 1965இல் அப்படி ஒன்று எழுதியிருந்தார். ஆக, உள்ளே இருக்கிறவர்களுக்கே இந்தக் கவலை உண்டு. ஆனால் டிராயரில் இருக்கிற கடிதம் சட்டம் ஆகாது. அதை எப்போது எடுப்பது, யார் எடுப்பது, செயலிழந்துவிட்டார் என்று யார் தீர்மானிப்பது?

அம்மாவிடம் என் விசாரிப்பைச் சொல்லுங்கள். அவர் டிவியில் பார்த்த மனிதர் நிஜம், அவருக்குக் கிடைத்த தெம்பும் நிஜம். அந்தத் தெம்பைக் கொடுக்க அந்த மனிதர் போப்பாக இருந்தே ஆக வேண்டும் என்று மட்டும்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது இருக்கும் பதினான்காம் லியோ 2025 மே மாதம் தேர்வானபோது அவருக்கு 69 வயது. உடம்பு திடமாக இருக்கும்போதே இந்த விதிமுறையை அவர் எழுதி வைத்துவிட வேண்டும், படுக்கையில் விழுந்தபிறகு எழுதினால் அதை எழுதியது யார் என்ற சந்தேகமே மிஞ்சும். வயது வரம்பு 80ஆ 85ஆ என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. நினைவு தப்பினால் மருத்துவர்கள் யாரிடம் அறிக்கை கொடுப்பது, கர்தினால்கள் எத்தனை நாளுக்குள் கூடுவது, இந்த இரண்டை மட்டுமாவது எழுதட்டும்.

அன்புடன்.