மழையே பெய்யாமல் தக்காளி இலை கருகுவது ஏன்?

கேள்வி: பதினைந்து நாளாக ஒரு தூறல்கூட இல்லை. ஆனாலும் தக்காளிச் செடியின் அடி இலைகளில் புள்ளி விழுந்து கருகுகிறது. ஈரம் இருந்தால்தானே பூஞ்சாண நோய் வரும்?

இதே கேள்வியை நானும் ஒரு பருவம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாலையில் தெளிப்புநீர் விடுகிறீர்களா? செடிகளை நெருக்கி நட்டிருக்கிறீர்களா? நான் இரண்டையும் செய்தேன்.

வெயிலில் தண்ணீர் வீணாகக் கூடாதென்று ஐந்து மணிக்கு மேல்தான் தெளிப்பானைத் திறப்பேன். இலை காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் இலை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அப்போது அதன் மேல் பனி இறங்கும். ஆக மாலையில் நனைந்த இலை மறுநாள் காலை ஒன்பது மணிவரை நனைந்தே இருந்தது. மழைமானியில் சுழியம், இலையில் பதினைந்து மணி நேர ஈரம்.

பூஞ்சாணத்துக்கு இந்த மணிக்கணக்குதான் முக்கியம். பெரும்பாலான பூஞ்சாண வித்துகள் முளைத்து இலைக்குள் இறங்கும்வரை மேலே நீர்ப்படலம் இருக்க வேண்டும். ஆப்பிள் சொறி நோய்க்கு மில்ஸ் என்பவர் 1944-ல் தந்த அட்டவணையே இந்தக் கணக்குதான். 18 முதல் 24 டிகிரி வெப்பத்தில் சுமார் 9 மணி நேரம் இலை நனைந்திருந்தால் நோய் தொற்றிவிடும். 6 டிகிரியில் 20 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். தக்காளியின் முன்பருவ இலைக்கருகலை உண்டாக்கும் ஆல்டர்நேரியா இன்னும் பொல்லாதது. நடுவில் இலை காய்ந்தாலும் அது தாக்குப்பிடித்து, அடுத்த இரவு நனையும்போது விட்ட இடத்திலிருந்து தொடரும்.

சாம்பல் நோய்க்கு நீர்ப்படலம் தேவையில்லையே என்று யாராவது வருவார்கள். உண்மைதான், இலை நனைந்தால் அதன் வித்துகள் கெட்டுக்கூடப் போகும். பின்பருவக் கருகலை உண்டாக்குவது அசல் பூஞ்சாணமே இல்லை என்பதும் தெரியும். நான் பேசுவது புள்ளி விழுந்து கருகும் நோயைப் பற்றி.

புள்ளியைப் பார்த்த பிறகுதான் மேங்கோசெப் அடித்தேன். அதுவும் விடியற்காலையில், பனி சொட்டச் சொட்ட. மருந்து இலையில் நிற்காமல் வழிந்துபோனது. நின்றிருந்தாலும் அது இலைக்கு வெளியே காவல் காக்கும் மருந்து; உள்ளே போய்விட்ட பூஞ்சாணத்தை ஒன்றும் செய்யாது.

அப்புறம் வயலைப் பார்க்க ஒருவர் வந்தார். மதியம் இரண்டு மணி. இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "மழையே இல்லை, இது சத்துக் குறைபாடு" என்று எழுதிவிட்டார். வளையத்துக்குள் வளையமாகப் புள்ளி தெளிவாகத் தெரிந்தது. நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. மகசூலில் பாதி போனதைவிட அதுதான் இன்றும் உறுத்துகிறது. பாடுபடுகிறவன் சொல்வதைக் கேட்க ஐந்து நிமிடம் ஆகாதா? சரி, விடுங்கள்.

அடுத்த பருவம் சொட்டுநீருக்கு மாறினேன். இடைவெளி கூட்டி நட்டு, குச்சி கட்டி, மண்ணைத் தொடும் இலைகளைக் கிள்ளினேன். பழைய செடிக் குப்பையில்தான் ஆல்டர்நேரியா தங்கும் என்பதால் அதை வயலில் விடவில்லை. நோய் அடியோடு ஒழிந்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் காய் பறித்து முடியும்வரை இலை நின்றது.

நாளைக் காலை ஆறு மணிக்குப் போய் அடி இலையைத் தொட்டுப் பாருங்கள். எத்தனை மணிக்குக் காய்கிறது என்று ஒரு வாரம் குறித்து, அதை இங்கே எழுதுங்கள்.