முன் ஷாஃப்ட்டில் ‘டக்’ சத்தமா? ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

கேள்வி: எங்களுடையது பழைய ஃபோர் வீல் பிக்கப். சம்பா அறுவடையில் களத்திலிருந்து கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டைகள் ஏற்றி ஓட்டுகிறோம். ஃபோர் வீல் போட்டுக் கிளப்பினால் முன்பக்க அடியில் ‘டக்’ என்று அடிக்கிறது. முன் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அதன் முனையில் வளைந்து சுழல விடும் மூட்டான கிராஸ் மட்டும் மாற்றினால் போதாதா? கழற்றி மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கிராஸ் தேய்ந்தாலும், ஸ்பிளைன் (ஷாஃப்ட்டின் பல் பல்லான சறுக்கு இணைப்பு) தேய்ந்தாலும், ஃபிளேஞ்ச் (ஷாஃப்ட் முனையைப் பொருத்தும் தட்டு) போல்ட் தளர்ந்தாலும் இதே ‘டக்’தான் கேட்கும். அதனால் சத்தத்தை வைத்துப் பொருள் வாங்காதீர்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு அடியில் போங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஷாஃப்ட்டுகளுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பெட்டி) நியூட்ரலில் இருக்கும்போது கியரில் நிறுத்திய வண்டியும் உருளும், கட்டையை நம்புங்கள்.

கிராஸைத் தாங்கும் கவை போன்ற இருபக்க யோக்கையும் இரு கைகளால் பிடித்து எதிரெதிராகத் திருகுங்கள், பிறகு மேலும் கீழும் அசையுங்கள். கிராஸின் முனைகளை மூடியிருக்கும் கப்புக்கும் கிராஸுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியும் அசைவு இருந்தால் கிராஸ் போய்விட்டது. கப் ஓரத்தில் செம்மண் நிறத் தூள் படிந்திருந்தால் கப்புக்குள் இருக்கும் நீடில் பேரிங் (ஊசி போன்ற உருளைகள்) கிரீஸ் இல்லாமல் வறண்டு துருப்பிடித்திருக்கிறது. மொத்த ஷாஃப்ட்டும் சேர்ந்து கொஞ்சம் திரும்புவது கியர்களின் இடைவெளி, அதைக் குற்றமாக எடுக்க வேண்டாம். அடுத்து, நீளம் கூடிக் குறையும் ஸ்பிளைன் பகுதியைத் தூக்கிப் பாருங்கள். லேசான திருகு ஆட்டம் பரவாயில்லை. மேலும் கீழும் கடகடத்தால் ஆயுள் முடிந்தது.

கிராஸில் மட்டும் ஆட்டம், குழாயில் நெளிவு இல்லை, கப் யோக் துளையில் இறுக்கமாக உட்காருகிறது என்றால் கிராஸ் மட்டும் போதும். ஸ்பிளைன் தேய்ந்திருந்தாலோ, வரப்புக் கல்லில் இடித்துக் குழாய் நெளிந்திருந்தாலோ, துளை அகன்று கப் சுழன்றாலோ உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி. அகன்ற துளையில் பஞ்ச் அடித்து கப்பை நிறுத்துவதும், ஒரு புள்ளி வெல்டிங் வைப்பதும் சில பட்டறைகளில் நடக்கிறது. சம்மதிக்காதீர்கள். முதலாவது சீக்கிரமே தளர்ந்துவிடும், இரண்டாவதில் சூடு பேரிங்கைக் கெடுத்துவிடும்.

கழற்றுமுன் இரண்டு முனை ஃபிளேஞ்சிலும் ஸ்பிளைன் இணைப்பிலும் பெயின்ட்டால் கோடு போடுங்கள். இந்தக் கோட்டை விட்டுவிட்டால் பாதி வேலை வீண். ஸ்பிளைன் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் இரண்டு கிராஸும் ஒன்றுக்கொன்று ஒத்துச் சுழலாமல் அதிர்வு வரும். புது ஷாஃப்ட்டானால் யோக்குகள் பழையதில் நின்ற நிலையிலேயே நிற்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். குழாயின் நீளத்தையும் ஃபிளேஞ்சின் துளை இடைவெளியையும் அளந்து வாங்குங்கள்.

போல்ட் அசையாமல் முறுக்கிக்கொண்டு நின்றால், தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டி ஷாஃப்ட் முறுக்கேறியிருக்கும். சில அடி பின்னால் எடுத்தால் விடும். ஷாஃப்ட்டைச் சுற்றி அடுத்த போல்ட்டுக்கு வர ஒரு முன் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்துவிட்டுச் சுற்றுங்கள். ஒரு முனை கழன்றதும் மறுமுனையில் தொங்க விடாதீர்கள், கயிற்றால் கட்டுங்கள். ஆக்ஸில் பக்க ஃபிளேஞ்சின் நடுவில் இருக்கும் பினியன் நட்டைத் தொட வேண்டாம். அதன் இறுக்கம்தான் ஆக்ஸில் ஹவுசிங்குக்குள் பேரிங்கின் அழுத்தத்தைப் பிடித்து நிற்கிறது. ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

கிராஸ் மாற்றுவதென்றால் கப் நழுவாமல் பிடிக்கும் சர்க்கிளிப் வளையங்களை எடுத்து, வைஸில் இரண்டு சாக்கெட் வைத்து அழுத்துங்கள். சுத்தியலால் அடித்தால் யோக் காது வளையும். புது கப்பில் நீடில்கள் கிரீஸில் ஒட்டிச் சுற்றிலும் நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நீடில் சாய்ந்து அடியில் விழுந்தாலே கப் முழுதாக இறங்காது, சர்க்கிளிப் பள்ளம் தெரியாது. அந்த நிலையில் பலமாக அழுத்தினால் கப் உடையும். எடுத்து நீடிலை நிமிர்த்துங்கள். கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள், கிரீஸ் கன் எட்டும் பக்கம் பார்த்திருக்கட்டும். முடிந்ததும் கிராஸ் எல்லாப் பக்கமும் இறுக்கமில்லாமல் கையால் அசைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் யோக்கின் காதை லேசாகத் தட்டினால் கப் சர்க்கிளிப்போடு போய் உட்காரும். நட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். டார்க் (இறுக்கும் விசை) அளவை வண்டியின் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும்? எங்கள் பக்கம் உப்புத் தண்ணீர்.
– வாசகர், வேதாரண்யம்

பதில்: நாள் கணக்கைவிடத் தண்ணீர்க் கணக்குதான் முக்கியம். உப்பளப் பாதையிலோ வாய்க்காலிலோ ஷாஃப்ட் நனைந்தால் அன்றே நல்ல தண்ணீரில் கழுவி கிரீஸ் அடியுங்கள். லித்தியம் ஈ.பி. 2 வகை கிரீஸ் போதும். நான்கு கப் ஓரத்திலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வராவிட்டால் ஷாஃப்ட்டை அசைத்துக்கொண்டே அடியுங்கள். ஸ்பிளைன் நிப்பிளில் அளவு தெரியாமல் ஏற்றினால் ஷாஃப்ட் சுருங்க இடமின்றி பேரிங்குகளைத் தள்ளும். அறுவடை முடிந்ததும் ஷாஃப்ட்டில் சுற்றிய வைக்கோலையும் பிளாஸ்டிக் கயிற்றையும் அறுத்தெடுங்கள். சீலைத் தின்பது பெரும்பாலும் அந்தக் கயிறுதான்.

கேள்வி: புது முன் ஷாஃப்ட் வரும்வரை பழையதைக் கழற்றிவிட்டு ஓட்டலாமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தேவையானபோது மட்டும் ஃபோர் வீல் போடும் வண்டியானால் ஓட்டலாம், டூ வீல் நிலையில் மட்டும். லிவரை ஃபோர் வீலுக்குத் தள்ளவே கூடாது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் ஃபிளேஞ்ச் இல்லாமல் ஷாஃப்ட் நேராகச் செருகும் வகையானால் கழற்றியதும் ஆயில் கொட்டும். அந்த வண்டியைப் பொருள் வந்த பிறகே பிரியுங்கள்.